நூற்றுக்கு ஐம்பத்தைந்து

ஒரு ஜெனரேட்டரில் இரண்டு பொட்டு ஒட்டினால் அது இரண்டு ஜெனரேட்டர். இதைக் கண்டுபிடித்தது எங்கள் அலுவலகம்தான். வேறு எந்த மாவட்டமாவது உரிமை கொண்டாடினால் நம்பாதீர்கள்.

என் பெயர் பிரம்மசக்தி. தென்துறை மாவட்ட ஆயத்தப் பிரிவில் துணை வட்டாட்சியர். சண்டை வந்தால் ஊரிலிருந்து பட்டாளத்துக்கு என்ன போகும், பட்டாளத்திலிருந்து ஊருக்கு என்ன வரும் என்று பார்த்து வைப்பதுதான் எங்கள் வேலை. லாரி, படகு, தண்ணீர் டேங்கர், ஐஸ் பெட்டி, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் எங்கள் பதிவேட்டில் இருக்கும். முன்பெல்லாம் இதற்காக மாதம் ஒரு கூட்டம் போட்டு, ராணுவத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போவோம். ஆறு வருஷத்துக்கு முன்னால் 'அரண்' வந்தது. வடை நின்றுபோனது.

அரண் ஓர் இயந்திரம். தலைநகரில் எங்கேயோ நிலத்துக்கடியில் இருப்பதாகச் சொல்கிறார்கள். நாட்டிலுள்ள எல்லா மாவட்டங்களின் பதிவேடுகளையும், எல்லா ராணுவப் பிரிவுகளின் பதிவேடுகளையும் அதுவே படித்து, எது எங்கே போகவேண்டும் என்று அதுவே உத்தரவு போடும். அதற்காக ஒவ்வொரு பொருளிலும் பத்து ரூபாய்க் காசு அகலத்தில் சிவப்பாக ஒரு வில்லையை ஒட்டச் சொன்னார்கள். எந்திரம் ஓடும்போது எழும் அதிர்வை உணர்ந்து, 'நான் ஓடுகிறேன், இந்த இடத்தில் இருக்கிறேன்' என்று அது மேலே தகவல் அனுப்பும். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. நாங்கள் பொட்டு என்றோம்.

பதிவேட்டின்படி எங்களிடம் நாற்பது ஜெனரேட்டர்கள். உண்மையில் ஓடுவது இருபத்திரண்டு. மீதிப் பதினெட்டும் யூனியன் ஆபீஸ் கொல்லையிலும் பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பின்னாலும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. முதல் வருஷம் யாரோ நாற்பது என்று எழுதிவிட்டார்கள். அதைக் குறைத்தால், மிச்சம் எங்கே போனது என்று கேள்வி வரும். பக்கத்து மாவட்டம் அறுபது காட்டும்போது நாங்கள் இருபத்திரண்டு என்று போய் நிற்கவா முடியும்? அதனால் ஒவ்வோர் ஒத்திகைக்கும் முந்தின நாள், எங்கள் ஓட்டுநர் வண்டிமலையான் அண்ணாச்சி செத்தவற்றின் பொட்டுகளைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போய், ஓடுகிறவற்றில் ஒட்டிவிட்டு வருவார். ஐஸ் ஆலை ஜெனரேட்டரில் மட்டும் மூன்று பொட்டு. "நெத்தி நெறைய இருக்கு மேடம், பாக்கவே லட்சணமா இருக்கு" என்பார்.

ஆறு வருஷமும் நாற்பதுக்கு நாற்பது வாங்கினோம். ஒத்திகை என்றால் எங்களுக்குத் தீபாவளி மாதிரி.

அப்புறம் இந்த ஆவணியில் நிஜமாகவே சண்டை வந்துவிட்டது.

எங்கள் ஊரில் குண்டு எதுவும் விழவில்லை. ஆனால் மேற்கே இரண்டு பெரிய மின்நிலையங்கள் அடிபட்டுப் போனதால், எங்களுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் கரண்ட். ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு நான் டீக் கிளாஸைக் கையில் எடுக்கவும் திரையில் அரணின் உத்தரவு வரவும் சரியாக இருந்தது. முள்ளிமுனை ரேடார் நிலையத்துக்கு மின்சாரம் போதவில்லை. தென்துறை உடனடியாக ஐந்து ஜெனரேட்டர்களை அனுப்ப வேண்டும். ராணுவ லாரி கிளம்பிவிட்டது. கீழே ஐந்து எண்கள் இருந்தன. கடைசி எண் பதினேழு.

பதினேழைப் பார்த்ததும் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அது பெரிய ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் இருக்கிற ஜெனரேட்டர். அங்கே இருப்பதே அது ஒன்றுதான். ஆனால் அதன்மேல் இரண்டு பொட்டு. யூனியன் ஆபீஸில் செத்துக் கிடக்கும் முப்பத்தொன்றின் பொட்டையும் நாங்கள் அதில்தான் ஒட்டியிருந்தோம். ஆக, அந்தப் பிரிவில் இரண்டு ஜெனரேட்டர் இருக்கிறது, ஒன்றை எடுத்தாலும் ஒன்று மிஞ்சும் என்று அரண் நினைத்துவிட்டது.

"அண்ணாச்சி, வண்டிய எடுங்க" என்றேன்.

டயாலிசிஸ் பிரிவில் நான்கு இயந்திரங்கள், ஒன்பது நோயாளிகள். அன்று காலை முறைக்கு நான்கு பேர் படுத்திருந்தார்கள். வாசல் பக்கக் கட்டிலில் ராயப்பன். துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டுபவர், நாற்பத்தாறு வயது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, வாய் மட்டும் பழுதில்லாமல் இருக்கிறது.

"வாங்க மேடம். இன்னைக்கு எத்தனை பொட்டு ஒட்ட வந்திருக்கிய? எனக்கும் ஒண்ணு ஒட்டிட்டுப் போங்க, பட்டாளத்துல சேத்துக்கிடுவாங்க."

சிஸ்டர் அமலோற்பவம் அவரை ஒரு பார்வை பார்த்து அடக்கிவிட்டு என்னிடம் வந்தார். அந்தப் பிரிவை இருபது வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"இத எடுத்தா இவங்கள எப்படி வைக்கது? கரண்டு வாறதே ஆறு மணி நேரம். நாலு மிஷின்ல ஒன்பது பேருக்குப் போட்டு முடிக்க அது போதுமா? ரெண்டு தரம் விட்டுப்போச்சுன்னா மூச்சு முட்டிரும், மேடம்."

வண்டிமலையான் அண்ணாச்சி என் காதோரம் வந்தார். "முப்பத்தொண்ணையே தூக்கிக் குடுத்துருவோம் மேடம். ஒரு கோட்டிங் பெயிண்ட் அடிச்சா புதுசு மாதிரி இருக்கும். பதினேழாம் பொட்ட அதுல ஒட்டிட்டா சோலி முடிஞ்சிது."

"ரேடார் ஓட வேண்டாமா?"

"அது அவங்க பாடு."

"அவங்க பாடு இல்ல அண்ணாச்சி. வானத்துல என்ன வருதுன்னு அதுதான் பாக்கும். அது கண்ண மூடிச்சின்னா நம்ம தலையிலதான் வந்து விழும்."

சொல்லிவிட்டேனே தவிர, ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. போர்க்காலத்தில் பொய்ப் பதிவு வெளியே தெரிந்தால் ஏழு வருஷம் உள்ளே. எனக்கு ஜெயில் பயம் மட்டுமல்ல, ஊர் வாயை நினைத்தும் பயம். அதற்குள் வாசலில் ராணுவ லாரி வந்து நின்றது. நெட்டையாக ஒருவர் இறங்கி, செருப்பை வெளியே விடுகிற மாதிரி பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். நோயாளிகள் இருக்கும் இடத்துக்கு பூட்ஸோடு வராத அந்த ஒரு காரணத்துக்காகவே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

அவர் மேஜர் ஜோதிலிங்கம். வேலூர்ப் பக்கத்துக்காரர். முள்ளிமுனைக்கும் எங்களுக்கும் நடுவே தொடர்பு அதிகாரி. அவரைப் பின்பக்கம் கூட்டிப் போய் ஜெனரேட்டரைக் காட்டினேன். இரண்டு பொட்டையும் காட்டினேன். நாற்பதையும் இருபத்திரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அரெஸ்ட் செய்யப்போகிறார் என்று எதிர்பார்த்து, சேலைத் தலைப்பைக்கூடச் சரிசெய்து வைத்துக்கொண்டேன்.

மேஜர் சிரித்தார்.

"ரெண்டு பொட்டா? நல்லா இருக்குதே மேடம்! சரி, பயப்படாதீங்க. பதிவேட்டைத் திருத்திடுங்க. இருக்கறத இருக்கற மாதிரி எழுதிட்டா அரண் வேற எங்கியாவது பார்த்துக்கும்."

அங்கேயே உட்கார்ந்து தொடுதிரைக் கைப்பலகையைத் திறந்து, நாற்பதை அழித்து, இருபத்திரண்டு என்று எழுதினேன். அண்ணாச்சி முப்பத்தொன்றின் பொட்டைப் பிடுங்கினார். இருபத்தேழு வருஷ சர்வீஸில் முதல்முறையாகப் படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் உள்ளது உள்ளபடி எழுதினேன். நெஞ்சு லேசாகி, கல்யாணத்துக்கு முந்தைய வயசுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

இரண்டு நிமிஷத்தில் அரண் பதில் போட்டது.

தென்துறையில் நம்பத்தக்க ஜெனரேட்டர்கள் பன்னிரண்டு. டயாலிசிஸ் பிரிவின் மின்சாரத்துக்கு உறுதியில்லை. எனவே அந்தப் பிரிவு மூடப்படுகிறது. நோயாளிகள் மதுரைக்கு மாற்றப்படுகிறார்கள், வேன் வருகிறது. பதினேழாம் எண் முள்ளிமுனைக்கு.

"பன்னிரண்டா? நான் இருபத்திரண்டுன்னுதானே போட்டேன்!" என்று கத்தினேன். திரையைத் துடைத்துவிட்டுக்கூடப் பார்த்தேன். பன்னிரண்டுதான்.

"மதுரைக்கா?" என்றார் சிஸ்டர். "வாரம் முழுக்க ராணுவ வண்டிதான் போவுது, ரோடெல்லாம் குண்டுங்குழியும். இவங்கள்ல ரெண்டு பேரு அந்தக் குலுக்கலத் தாங்க மாட்டாங்க."

"அந்த ரெண்டுல நான் இல்லியே சிஸ்டர்?" என்றார் ராயப்பன். சிஸ்டர் அவருடைய போர்வையை இழுத்துவிட்டார். ராயப்பனும் அதற்குமேல் கேட்கவில்லை.

மேஜர் வராந்தாவுக்குப் போய்த் தலைமையகத்தைக் கூப்பிட்டார். அவர் இந்தியில் பேசிக்கொண்டிருக்கும்போதே வேன் வந்துவிட்டது. வெள்ளை வேன், சுத்தமாக இருந்தது. ஓட்டுநர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஐந்து படுக்கைகள்.

"ஒன்பது பேரு இருக்காங்கப்பா" என்றார் சிஸ்டர்.

"எனக்கு அஞ்சு பேருன்னுதான் சிஸ்டர் வந்திருக்கு." ஓட்டுநர் தன் பலகையைக் காட்டினார். ஐந்து என்றுதான் இருந்தது. மீதி நான்கு பேரை என்ன செய்வது என்று கேட்டதற்கு, மீதி நான்கு பேர் இருப்பதாகத் தனக்குத் தகவலே இல்லை என்றார்.

மேஜர் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடம், அரணுக்கு எல்லாம் தெரியும். முதல் வருஷத்திலேயிருந்தே தெரியும். நீங்க நாப்பதுன்னு சொல்லுவீங்க, ஆனா எரிஞ்ச டீசல் இருபத்திரெண்டுக்குத்தான் இருக்கும். ஆறு வருஷமா அத பார்த்துப் பார்த்து உங்களுக்கு ஒரு எண் போட்டு வச்சிருக்குது. தென்துறை எது சொன்னாலும் நூத்துக்கு ஐம்பத்தஞ்சு எடுத்துக்கணும்."

"ஐயோ! அப்போ நாங்க நாப்பதுன்னு சொன்னப்பவே..."

"அது இருபத்திரெண்டுன்னு சரியாத்தான் வச்சிருந்துது. இப்ப நீங்க இருபத்திரெண்டுன்னு சொன்னீங்களா, அதுலயும் ஐம்பத்தஞ்சு போட்டுப் பன்னெண்டு ஆக்கிடுச்சு."

"அப்புறம் எதுக்கு எங்ககிட்ட அஞ்சு கேட்டுது?"

"அதுக்கு வேண்டியது மூணு. உங்ககிட்ட அஞ்சு கேட்டாத்தான் மூணு வரும்னு அதுக்குத் தெரியும். நீங்க எப்பவும் போல ரெண்டுக்கு ஏதாவது சாக்குச் சொல்லிட்டு மூணு அனுப்பியிருந்தா விஷயம் முடிஞ்சிருக்கும். பதினேழு இங்கயே இருந்திருக்கும்."

வண்டிமலையான் அண்ணாச்சி வாயைப் பிளந்தார். "நம்மளவிட எமகாதகனா இருக்கே மேடம் அது!"

"நீங்க மட்டும் இல்ல" என்றார் மேஜர். "எல்லா மாவட்டத்துக்கும் ஒரு எண் இருக்குது. எங்க யூனிட்டுக்கும் இருக்குது. நூத்துக்கு நூத்தி இருபத்தஞ்சு. நாங்க பத்து வச்சிருந்தா எட்டுன்னுதான் சொல்லுவோம். பட்டாளத்துக்காரன் பதுக்குவான், சிவிலியன் ஊதுவான். அது தெரிஞ்சுதான் ரெண்டையும் சேர்த்து நாட்டை ஓட்டுது. போன மாசம் எதிரி நம்ம பதிவேடு மொத்தத்தையும் திருடிட்டான், தெரியுமா? மேல ஒருத்தரும் பதறல. அதுல ஒண்ணுகூட நிஜமில்ல. நிஜம் எவ்வளவுன்னு அரணுக்கு மட்டும்தான் தெரியும்."

"நாங்க திருந்திட்டோம்னு அதுகிட்ட சொல்ல முடியாதா?"

"சொல்லலாம். நீங்க சொல்றதுல ஐம்பத்தஞ்சு பங்குதான் நம்பும்." மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அது பழசை மறக்கவே பல வருஷம் டீசல் கணக்குப் பார்க்கணுமாம். இப்ப உத்தரவை மாத்த நமக்கு ஒரு மணி நேரம்தான் இருக்குது. திருத்தத்தை ரத்து பண்ணிடுங்க மேடம்."

போர்க்காலத்தில், ராணுவச் சீருடையில் இருக்கும் ஓர் அதிகாரி, ஒரு வருவாய்த்துறை ஊழியரிடம் பொய்யைத் திருப்பி எழுதச் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு வெட்கமும் வந்தது, பெரிய நிம்மதியும் வந்தது. திருத்தத்தை ரத்து செய்தேன். நாற்பது திரும்ப வந்தது. அண்ணாச்சி எச்சில் தொடாத குறையாக முப்பத்தொன்றின் பொட்டைத் திரும்ப ஒட்டினார். ஐஸ் ஆலையிலிருந்தும் இரண்டு மண்டபங்களிலிருந்தும் நல்லதாக மூன்று ஜெனரேட்டரைத் தூக்கச் சொல்லிவிட்டு, பதினேழுக்கும் இன்னொன்றுக்கும் நேராக 'தூக்கி வைக்க கிரேன் இல்லை' என்று எழுதினேன். மேஜரின் கிரேன் வைத்த லாரி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

அடியில் வழக்கமான வரி: 'மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்.' கையெழுத்துப் போட்டேன்.

'தேவை பூர்த்தியானது. டயாலிசிஸ் பிரிவு தொடரலாம்' என்று அரண் சொன்னது. ராயப்பன் குழாய் இல்லாத கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். "பொய் சொன்னா பல்லு விழும்னு எங்கம்மா சொல்லுவா. இங்க பாருங்க, பொய் சொன்னதாலதான் என் கிட்னி ஓடுது!" வேன் ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கும் சேர்த்து டீ வாங்கிவரச் சொன்னேன். மேஜர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் மட்டும் அசையாமல் நின்றார்.

"மேஜர் சார், அந்த எண்ணு ஜெனரேட்டருக்கு மட்டுந்தானா? ஆஸ்பத்திரிக்கு வேறயா?"

"மாவட்டத்துக்கு ஒரே எண்தான் சிஸ்டர். எல்லாத்துக்கும் அதான். அதனாலதான் வேன்ல அஞ்சு படுக்கை வந்துது. நீங்க ஒன்பதுன்னு எழுதியிருந்தீங்க..."

மேஜர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"மிஷினுக்குப் போடுத ஃபில்டரும் அரண் வழியாத்தான் வருது, ரெண்டு வருஷமா" என்றார் சிஸ்டர். சத்தம் கூட்டாமல்தான் பேசினார். "நான் மாசா மாசம் ஒன்பது பேருக்குன்னு எழுதுதேன். அஞ்சு பேருக்குத்தான் வருது. சர்க்காருகிட்டயே இல்ல போல, சண்டைக்குச் சேத்து வைக்காங்க போலன்னு நெனச்சேன். வாரம் மூணு தரம் போட வேண்டியவங்களுக்கு ரெண்டு தரம் போட்டேன். போன வருஷம் பதினோரு பேரு இருந்தாங்க மேடம். பதினொண்ணுன்னுதான் எழுதினேன். ஆறு வந்துது."

இப்போது இருப்பது ஒன்பது பேர். மற்ற இருவரும் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், ஓர் அதிகாரி, முகத்தைக்கூட மூடாமல் அழுதேன். ஆறு வருஷமாக நாங்கள் சிரித்துக்கொண்டே ஒட்டிய பொட்டு. இந்தப் பெண்மணி ஒரு எண்ணைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. என் பொய்க்குப் போட்ட தள்ளுபடியை அரண் இவருடைய உண்மையிலும் கழித்துக்கொண்டே வந்திருக்கிறது. "சிஸ்டர், நான் தெரிஞ்சு செய்யல" என்றேன். அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

அவர் என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. மேசையிலிருந்து தன் கைப்பலகையை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

"இன்னைக்குத்தான் அடுத்த மாசத்துக்கு எழுதணும். எத்தனைன்னு போட்டா ஒன்பது வரும்?"

மேஜர் மனக்கணக்காகப் போட்டார். "பதினாறு."

"எனக்கு அது கை வராது. நீங்களே எழுதுங்க மேடம்."

பதினாறு என்று எழுதினேன். ஒவ்வொருவருக்கும் பெயரும் வயதும் கேட்டது. சிஸ்டர் பதிவேட்டைப் பார்க்காமலே சொல்லச் சொல்ல எழுதினேன். ராயப்பன், நாற்பத்தாறு. அப்படியே ஒன்பது பேரும் முடிந்தார்கள். சிஸ்டர் நிறுத்தவில்லை.

"மரியதங்கம், ஐம்பத்தொண்ணு. சண்முகக்கனி, முப்பத்தாறு."

ஒன்றும் கேட்காமல் எழுதினேன். பதினொன்று. அடுத்ததாக என் பெயரைப் போட்டேன். வண்டிமலையான் அண்ணாச்சி, "என்னையும் சேத்துக்கிடுங்க" என்றார். மேஜர் ராணுவப் பதவியை விட்டுவிட்டு வெறும் ஜோதிலிங்கம் என்று சொன்னார். டீயோடு நின்றிருந்த வேன் ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொன்னதும், கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தன் பெயரைச் சொன்னார்.

இன்னும் ஓர் இடம் பாக்கி இருந்தது. சிஸ்டர் ராயப்பனின் குழாயைச் சரிபார்த்தார், தேவையே இல்லாமல் இன்னொரு தரமும் சரிபார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அமலோற்பவம்னு போடுங்க. வயசு ஐம்பத்தெட்டு."

அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. ஒன்பது பேருக்கு அனுமதி.